வில்லையும் விலையும்



பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்தவன் நான். ஒளி விலகலையும் வில்லைகளையும் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆயினும் அப்பாடத்தின் ஒரு பகுதியை நான் உண்மையிலே கற்றுக்கொண்டது 2011-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், வேடந்தாங்கல் ஏரிக்கரையில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடமிருந்து.

அப்போது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியன். நாற்பது மாணவ மாணவியரைப் பறவைகள் காண அழைத்துச் செல்வதாக ஏற்பாடு. வெறுங்கண்ணால் பார்த்தால் போதாது என்று கருதி, நகரத்துக் கடை ஒன்றில் ஆறு பைனாகுலர்கள் வாங்கினேன். பைனாகுலர் என்பதை இருகண் நோக்கி என்று தமிழில் சொல்லலாம். நான் வாங்கியவை பார்வைக்கு மிகக் கம்பீரமாக இருந்தன. முன் வில்லைகள் மாதுளை முத்தைப் போலச் சிவந்து மின்னின. 10 மடங்கு முதல் 30 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் என்றும், முன் வில்லையின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்றும் மேலே பொறித்திருந்தது. விலையோ ஒன்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. பள்ளிப் பணத்தை இவ்வளவு சிக்கனமாகச் செலவழித்தோமே என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

ஏரிக்கரையில் நின்று, நீரிலுள்ள மரங்களின்மேல் கூடு கட்டியிருந்த நத்தைக்குத்தி நாரைகளைக் காட்டி, ஒவ்வொருவராகப் பார்க்கச் செய்தேன். அந்தப் பெண் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "ஐயா, எனக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது" என்றாள். "கருவியை அசைக்காமல் பிடித்து ஒழுங்காகப் பார்" என்றேன். மறுபடியும் பார்த்தாள், மறுபடியும் அதையே சொன்னாள். நான் சற்றுக் கடிந்துகொண்டேன். கவனக் குறைவு என்பதற்கு மேல் ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. அவள் கருவியை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுத் தலைவலி என்று சொல்லி மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வருமுன் அதே கருவியை நான் கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஒரு நாரைக்கு மேலே இன்னொரு நாரை நின்றது! கண்களை வருத்தி இரண்டையும் ஒன்றாக்கினேன். இரண்டு நிமிடத்தில் எனக்கும் நெற்றி வலித்தது. மறுநாட் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும், அவள் கண்டது சரி, நான் கடிந்தது தவறு என்று சொன்னேன். சொன்னேனேயன்றி, அவள் இழந்த நாளை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

அன்று முதல்தான் இக்கருவிகளில் உயர்ந்தது எது, தாழ்ந்தது எது, விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதை ஆராயத் தலைப்பட்டேன். நான் கண்டவற்றுள் சிலவற்றை உங்களிடம் இன்று கூறுகிறேன்.

இருகண் நோக்கி என்பது இரண்டு தொலைநோக்கிகளை இணைத்த ஒன்று. 1608-ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டில் ஹான்ஸ் லிப்பர்ஷே என்னும் கண்ணாடி செய்பவர் தொலைநோக்கிக்கு உரிமை கேட்டு விண்ணப்பித்தபோதே, இரண்டு கண்ணாலும் பார்க்கத்தக்கதாக ஒன்று செய்து தருமாறு அந்நாட்டு ஆட்சி மன்றத்தார் அவரைக் கேட்டனர். அவரும் செய்து கொடுத்தார். ஆக, இந்த எண்ணம் தொலைநோக்கியோடு உடன்பிறந்தது. ஆனால் இரண்டு குழல்களையும் ஒரே திசையில் நோக்கும்படி நிறுத்துவது எளிய செயலன்று. படுக்கை வாட்டத்தில் சிறிது பிசகினால் நம் விழிகள் உட்புறம் திரும்பி ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். ஒன்று மேலும் ஒன்று கீழுமாகப் பிசகினாலோ விழிகளால் சமாளிக்க இயலாது. ஒரு கண் மேலேயும் மறு கண் கீழேயும் பார்க்க நமக்குப் பழக்கமில்லை அன்றோ? கருவி எத்தனை மடங்கு பெருக்குகிறதோ, இந்தப் பிழையையும் ஏறக்குறைய அத்தனை மடங்கு பெருக்குகிறது. 30 மடங்கு பெருக்கும் கருவியில் மயிரிழைப் பிசகும் மலையாகிவிடும். தொழிற்சாலையில் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே சோதித்து, திருகுகளைத் திருத்தி, இரு குழல்களையும் இணைவரைகள் போல ஆக்குவதற்குத் தேர்ந்த கையும் நேரமும் வேண்டும். நல்ல கருவியின் விலையில் ஒரு பங்கு அதற்காகவே கொடுக்கப்படுகிறது. மலிவான கருவி மலிவாக இருப்பதற்கு முதற் காரணம், இந்த வேலையை யாரும் செய்யாமல் விட்டதுதான்.

அடுத்தது, கருவியின் உள்ளே இருக்கும் பட்டகம். வில்லைகள் மட்டும் இருந்தால் காட்சி தலைகீழாகத் தெரியும். அதை நிமிர்த்தும் வழியை இக்னேசியோ போரோ என்னும் இத்தாலியர் 1854-ஆம் ஆண்டில் கண்டார். இரண்டு செங்கோணப் பட்டகங்களில் ஒளியை நான்கு முறை திருப்பி அனுப்பினால், காட்சி நிமிர்ந்துவிடும். குழலின் நீளமும் குறையும். ஆனால் அக்காலத்துக் கண்ணாடி அதற்குத் தகுந்த தூய்மை உடையதாக இல்லை. எர்ன்ஸ்ட் அபே என்னும் பௌதிக அறிஞரும், ஓட்டோ ஷாட் என்னும் கண்ணாடி வேதியியலாரும், ஸைஸ் நிறுவனத்தாரும் சேர்ந்து 1884-இல் ஜெர்மனியின் ஜெனா நகரத்தில் ஒரு கண்ணாடி ஆலை நிறுவினர். அதன் பிறகே, 1894-இல், ஸைஸ் தொழிற்சாலையிலிருந்து பட்டகம் பொருத்திய நல்ல இருகண் நோக்கிகள் விற்பனைக்கு வந்தன. கருத்துக்கும் கருவிக்கும் இடையே நாற்பது ஆண்டுகள்! அந்த நாற்பது ஆண்டும் கண்ணாடிக்காகக் காத்திருந்த ஆண்டுகள்.

இன்றும் மலிவுக் கருவிக்கும் உயர்ந்த கருவிக்கும் உள்ள ஒரு வேறுபாட்டை இந்தப் பட்டகக் கண்ணாடியிலே நீங்கள் நேரில் காணலாம். பட்டகத்துள் ஒளி திரும்புவது முழு அகப் பிரதிபலிப்பினால் என்று படித்திருக்கிறீர்கள். மலிவான கருவிகளில் பெரும்பாலும் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.52 உள்ள போரோசிலிக்கேட் கண்ணாடி இருக்கும். அதன் மாறுநிலைக் கோணம் 41 பாகைக்குச் சற்று மேல். ஒளிக்கதிர் 45 பாகையில் வந்து விழுகிறது. நடுக்கதிருக்குத் தொல்லை இல்லை; கூம்பு வடிவாக வரும் ஒளியின் ஓரக்கதிர்கள் அந்த எல்லையைக் கடந்து வெளியே கசிந்துவிடுகின்றன. ஒளிவிலகல் எண் 1.57 உள்ள பேரியக் கண்ணாடியில் மாறுநிலைக் கோணம் 40 பாகைக்கும் சற்றுக் குறைவாதலால் அக்கசிவு இல்லை. சோதிக்க வேண்டுமா? கருவியை முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கித் திருப்பி, கண்வைக்கும் வில்லையைப் பாருங்கள். அதில் சிறிய ஒளிவட்டம் ஒன்று மிதப்பதுபோல் தெரியும். வட்டம் முழுநிலாப் போல இருந்தால் நல்ல பட்டகம். நான்கு பக்கமும் நிழல் கவ்விச் சதுரம்போலத் தோன்றினால், ஓரத்து ஒளி வழியிலேயே போய்விட்டது என்று பொருள்.

அந்த ஒளிவட்டத்தின் விட்டம் எவ்வளவு? முன் வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைக்கும். 8×40 என்று எழுதியிருந்தால் 5 மில்லிமீட்டர். இருளில் இளைஞர்களின் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். என்னைப் போல் அறுபதைக் கடந்தவர்களுக்கு 5 மில்லிமீட்டர் விரிந்தாலே பெரிது. எனவே 7×50 கருவி தரும் 7 மில்லிமீட்டர் ஒளிவட்டத்தை வாங்கிக்கொள்ள என் கண்ணுக்கு வாய் போதாது, உங்களுக்குப் போதும். கருவிக்குச் செலவழிக்க வசதி வருகிற வயதில் கண்பாவை சுருங்கிவிடுகிறது என்பது இயற்கையின் விளையாட்டுப் போலும்!

என் சிவப்பு வில்லைக் கருவியைப் பின்னொரு நாள் அளந்து பார்த்தேன். கண்வைக்கும் பக்கத்தில் சற்றுத் தள்ளி ஒரு சிறு விளக்கைக் காட்டி, முன் வில்லையின்மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டி, அதில் விழுந்த ஒளிவட்டத்தை அளவுகோலால் அளந்தேன். 60 என்று பொறித்திருந்த இடத்தில் 41 மில்லிமீட்டர்தான் இருந்தது. உள்ளே ஒரு கருப்பு வளையம் வைத்து, வில்லையின் ஓரத்தை மறைத்திருந்தார்கள். ஓரம் மோசமாக அரைக்கப்பட்டிருந்தபடியால் அதை மறைத்தால்தான் காட்சி தெளியும். சரி, மறைக்கட்டும், 60 என்று பொறித்ததற்கு என்ன சொல்வது? அந்தச் செந்நிறப் பூச்சும் அத்தகையதே. அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது; கண்ணுக்கு வருவது பச்சையும் நீலமும் மிகுந்த காட்சி. மஞ்சள் மூக்கு நாரையின் வாற்புறத்தில் அழகான இளஞ்சிவப்பு இறகுகள் உண்டு. அன்று ஏரிக்கரையில் என் மாணவர்கள் யாரும் அந்த நிறத்தைக் குறித்துக்கொள்ளவில்லை. எப்படிக் குறிப்பார்கள்?

நல்ல பூச்சு வேறு வகையானது. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு குழலில் காற்றைத் தொடும் கண்ணாடி முகங்கள் பத்து என்று வைத்துக்கொண்டால், முடிவில் கண்ணை வந்து சேர்வது 66 பங்குதான். 1935-இல் ஸைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா, கண்ணாடியின்மேல் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு கனமுள்ள மெல்லிய படலம் ஒன்றைப் படியச் செய்து இந்த இழப்பைக் குறைத்தார். படலத்தின் மேல்முகத்திலும் கீழ்முகத்திலும் திரும்பும் அலைகள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன. குறுக்கீட்டு விளைவு என்று நீங்கள் படிப்பதுதான் இது. ஒற்றைப் படலத்தால் இழப்பு முகம் ஒன்றுக்கு 1.5 பங்கு அளவுக்கு இறங்கும். பல படலங்களை அடுக்கினால் அரைப் பங்கு அல்லது அதனினும் குறையும். அப்போது 95 பங்கு ஒளி கண்ணுக்கு வந்து சேரும்.

இவ்விடத்தில் ஒரு மயக்கம் ஏற்படுவதுண்டு. எனக்கும் நெடுநாள் இருந்தது. பூச்சின் பயன் வெளிச்சம் கூடுவது என்று நினைக்கிறோம். நூற்றுக்குப் பத்துப் பங்கு வெளிச்ச வேறுபாட்டை நம் கண் எளிதில் உணர்வதில்லை. உண்மைப் பயன், திரும்பிய ஒளி உள்ளே அலைந்து காட்சியின்மேல் வெண்புகைபோல் படியாமல் தடுப்பதே. இதை நான் தெளிந்த கதையைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தை மாதத்தில், பெங்களூரில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். ஆஸ்திரியாவில் செய்யப்பட்ட ஸ்வரோவ்ஸ்கி 8×42 கருவி ஒன்று அவரிடம் இருந்தது. அத்தகைய கருவிகளின் விலை 2 லட்சம் ரூபாயைத் தாண்டும். என்னிடம் போரோ பட்டகம் கொண்ட 8×40 கருவி ஒன்று உண்டு. எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கியது. சிவப்பு வில்லைக் கருவியையும் எடுத்துக்கொண்டு மூன்றோடும் எங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போனோம்.

மாலை நான்கு மணி. நல்ல வெயில். சிவப்புக் கருவியை இரண்டு நிமிடத்தில் கீழே வைத்துவிட்டோம். மற்ற இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வட்டத்தின் நடுவிலே எனக்கு வேறுபாடு தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? மாணவர் முகம் சற்று வாடியது. காரணம் கணக்கிலேயே இருக்கிறது. நம் கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, அதாவது 60 விகலை. எட்டு மடங்கு பெருக்கினால் ஏழரை விகலை வரை காணலாம். 40 மில்லிமீட்டர் வில்லை, செம்மையாகச் செய்யப்பட்டால் 3 விகலை வரை பிரித்துக் காட்ட வல்லது. ஆகவே சுமாராக நன்கு செய்த வில்லையும் நம் கண்ணின் எல்லையைத் தாண்டியே நிற்கிறது. அதற்கு மேல் கை நடுக்கம் வேறு.

வட்டத்தின் ஓரத்துக்கு வந்தால் கதை மாறியது. என் கருவியில் ஓரத்துப் பனைமரங்கள் குழம்பின. அவருடையதில் நடுவைப் போலவே ஓரமும் கூர்மையாக நின்றது. காட்சித் தளத்தைச் சமப்படுத்தும் தனி வில்லைகள் அதில் உள்ளன. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நின்ற வெண்கொக்கின் விளிம்பில், என் கருவி மெல்லிய ஊதாக் கோடு ஒன்று இட்டது, அவருடையது இடவில்லை. நிறங்கள் வெவ்வேறு அளவில் விலகுவதால் உண்டாகும் நிறப்பிறழ்ச்சி இது. இதை வில்லைகளால் நீக்க முடியாது என்று நியூட்டனே முடிவு கட்டியிருந்தார். இரண்டு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்து ஏறக்குறைய நீக்கலாம் என்பதை ஜான் டாலண்ட் 1758-இல் காட்டி உரிமை பெற்றார். எஞ்சி நிற்கும் அந்தச் சிறு ஊதாக் கோட்டையும் துடைப்பதற்கு, நிறப்பிரிகை மிகக் குறைந்த தனிக் கண்ணாடி வேண்டும். அது விலை மிகுந்தது, அரைப்பதும் கடினம்.

சூரியன் மறைந்தது. ஏரி நடுவிலுள்ள கருவேல மரங்களில் பகலெல்லாம் உறங்கிய வக்காப் பறவைகள் அசையத் தொடங்கின. மரங்களுக்குப் பின்னால் மேற்கு வானம் இன்னும் வெளுத்திருந்தது. இளம் வக்காவுக்கு இறக்கையில் வெளிறிய புள்ளிகள் உண்டு. அவற்றைக் கொண்டுதான் மடையான் கொக்கிலிருந்து அதைப் பிரித்தறிய வேண்டும். ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு என் கருவியில் அப்புள்ளிகள் மறைந்தன. பறவை சாம்பல் நிறத்து உருண்டையாயிற்று. மாணவரின் கருவியை வாங்கிப் பார்த்தேன், புள்ளிகள் இருந்தன. ஆறு இருபத்து மூன்று வரை இருந்தன. வெளிச்சம் அதில் மிகவும் கூடுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. இருண்ட இடம் இருண்டதாகவே இருந்தது. என் கருவியிலோ மேற்கு வானத்தின் ஒளி உள்ளே சிதறி, மரத்தின் இருளை வெளுக்கச் செய்துவிட்டது. குழலின் உட்புறத்தைக் கருமையாக்குவதும், தடுப்பு வளையங்களை உரிய இடத்தில் வைப்பதும், ஒவ்வொரு முகத்துக்கும் பூச்சிடுவதும் சேர்ந்து தந்த பதினோரு நிமிடம் அது. ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கிய பதினோரு நிமிடம் என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். "வக்கா வெளியே வருவதே அந்தப் பதினோரு நிமிடத்தில்தானே, ஐயா" என்றார் மாணவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். அவர் கருவி நேர்க்குழல் வடிவம். அதில் கூரைப் பட்டகம் என்னும் வகை உள்ளது. ஒளிக்கற்றை பட்டகத்தின் கூரை முகட்டில் இரண்டாகப் பிளந்து மறுபடி ஒன்று சேர்வதால், அக்கூரையின் 90 பாகைக் கோணம் சில விகலைகள்கூடப் பிசகலாகாது. பிளந்த அலைகளின் கட்டம் மாறித் தெளிவு குன்றுவதைத் தடுக்க ஒரு தனிப் பூச்சும் வேண்டும். 1988-இல்தான் அது ஸைஸ் கருவிகளில் வந்தது. போரோ பட்டகத்துக்கு இத்தொல்லைகள் இல்லை. ஆதலால் குறைந்த விலையில் வாங்குவோர், ஒடுங்கிய நேர்க்குழல் அழகைக் கண்டு மயங்காமல், தோள் அகன்ற பழைய போரோ வடிவத்தை வாங்குவதே நலம் என்பது என் முடிபு. உருப்பெருக்கமும் 8-க்கு மேல் வேண்டா. பெருக்கத்தை மாற்றிக்கொள்ளும் கருவியை இனாமாகக் கொடுத்தாலும் நான் வாங்கேன்.

நம் ஊருக்கென்று ஒரு தீங்கும் உண்டு, அது பூஞ்சணம். கடலோரத்து ஈரக் காற்று உள்ளே புகுந்தால் இரண்டு மழைக்காலத்தில் வில்லையின்மேல் சிலந்தி வலைபோல் படரும், பூச்சையும் அரித்துவிடும். உயர்ந்த கருவிகளில் காற்றை நீக்கி நைட்ரஜன் வாயு நிரப்பி மூடியிருப்பார்கள். மற்றவர்கள் இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைக்க வேண்டும். சட்டை நுனியால் துடைக்கலாகாது; மணல்துகளை முதலில் ஊதி அகற்ற வேண்டும். எந்த விலைக் கருவியாயினும் சூரியனை நோக்கித் திருப்பினால் பார்வை போய்விடும். இதை ஏரிக்கரையில் குழந்தைகள் கையில் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் சொல்லுகிறேன்.

ஓய்வு பெற்ற ஆண்டில், பழைய கடன் ஒன்றைத் தீர்ப்பதுபோல, பள்ளிக்கு நான்கு கருவிகள் வாங்கித் தர எண்ணினேன். 8×40, போரோ வடிவம், எல்லா முகங்களிலும் பல்லடுக்குப் பூச்சு. கடைக்காரர் ஏழு பெட்டிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றையும் வாசலுக்கு எடுத்துச் சென்று, எதிர்வீட்டுக் கூரையின் முகட்டுக் கோட்டை நோக்கித் திருப்பி, கருவியை மெல்லக் கண்ணிலிருந்து ஒரு சாண் தூரம் விலக்கிப் பார்த்தேன். இரண்டு வட்டத்திலும் அக்கோடு ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். பிறகு விளக்கின் பிம்பம் முன் வில்லையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். வெள்ளை வெளேரென்று தெரிந்தால் பூச்சில்லை. மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு உண்டு. ஒரே நிறுவனம், ஒரே விலை. ஆயினும் ஏழில் இரண்டை ஒதுக்கி வைத்தேன். இரண்டிலும் கூரைக்கோடு படி இறங்கி நின்றது.

கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "பெரியவரே, நீங்கள் வாங்க வந்தீர்களா, பரீட்சை வைக்க வந்தீர்களா?" என்று கேட்டார். நான் ஒதுக்கிய கருவிகளில் ஒன்றை அவர் கையிலேயே கொடுத்து, எதிர்க்கூரையைப் பார்க்கச் சொன்னேன். அவர் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார், திறந்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அந்த இரண்டு பெட்டிகளையும் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, எஞ்சியவற்றுள் நான்குக்கு ரசீது எழுதத் தொடங்கினார்.